தோணிக்காரி இல்லாத துறை

பலர் சேர்ந்து எழுதும் ஒரு கற்பனை உலகில், ஒருவர் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் தம் கதையில் எடுத்தாண்ட பிறகு, படைத்தவர் “என் ஆளை நான் திரும்ப அழைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லலாமா? சொன்னால், அந்த ஆள் ஏற்கெனவே நடமாடிவிட்ட கதைகளை என்ன செய்வது? சென்ற ஆண்டு இறுதியில், மழைக்காலத்தில், எங்கள் எழுத்துக் குழுவில் எழுந்த கேள்வி இது. அன்றைக்கு ஏதோ ஓர் ஏற்பாடு செய்து கூட்டத்தை முடித்தோம். ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. கேள்விதான் இன்னும் எனக்குள் அடங்கவில்லை.

நாங்கள் சிலர் சிங்கப்பூரில் ‘கல்வாய்’ என்ற துறைமுகப் பட்டினத்தை மையமாக வைத்து ஒரு மிகுபுனைவுத் தொடர் எழுதி வருகிறோம். ஊர் ஒன்று, காலம் ஒன்று, கதைகள் ஆளுக்கொன்று. ஒருவர் கதையில் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசியவர் இன்னொருவர் கதையில் கொலையுண்டு கிடப்பார். கொன்றவர் மூன்றாமவர் கதையில் கோவில் மணியம் பார்ப்பார். எங்களில் பாதிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், மீதிப் பேர் வேலைக்காக வந்து தங்கியவர்கள். தொடக்கத்தில் தேக்கா உணவங்காடியில் கூடினோம். தட்டு எடுக்க வருபவர் எங்கள் தாள்களையும் சேர்த்து எடுத்துவிடும் அபாயம் இருந்ததால் பிறகு வட்டார நூலகத்துக்கு மாறினோம்.

கல்வாய் என்ற ஊர் சும்மா முளைக்கவில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் பெரிய பாறை ஒன்று நின்றது. அதில் ஏறத்தாழ 50 வரிகளில் ஏதோ எழுதப்பட்டிருந்தது. 1843-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அருகில் நின்று பார்த்தால் எழுத்தா அரிப்பா என்று பிரிக்க முடியாத கோடுகள்தான் தெரியும். அதைத் தெளிவாகப் படித்தவர் இன்றுவரை எவருமில்லை. அந்தப் பாறையைப் பாடாங் என்னும் பலசாலி வீசினான் என்பது மரபுக்கதை. அவனுடைய கதையைச் சொல்லும் செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூல், கலிங்க மன்னன் ஒரு மல்லனைக் கப்பலேற்றி அனுப்பினான் என்றும், அந்த மல்லன் பாடாங்கிடம் தோற்றுப் பந்தயச் சரக்கை இழந்தான் என்றும் சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வென்றவனோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எங்கள் முதல் கூட்டத்தில் ஒருவர் தோற்றவனைப் பற்றிக் கேட்டார். கலிங்கத்திலிருந்து அவனோடு வந்த மாலுமிகள் வெறுங்கையோடு ஊர் திரும்ப வெட்கப்பட்டு இங்கேயே தங்கியிருந்தால்? அந்த ‘இருந்தால்’தான் கல்வாய். தோற்ற கப்பலின் வழிவந்தவர்கள் வாழும் ஊர், வாயிலில் எவராலும் படிக்க முடியாத கல்.

அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் எந்தக் கதையிலும் சொல்லக் கூடாது என்பது நாங்கள் போட்ட முதல் விதி. படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் பாத்திரங்கள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். உண்மை இன்னதென்று கதை சொல்லிவிடக் கூடாது. இத்தனை சச்சரவுக்கு நடுவில் ஒருவரும் மீற நினைக்காத விதி அது ஒன்றுதான். மற்றபடி வரைபடம், ஓதங்களின் நேரம், சந்தை நாள், காசுகளின் மதிப்பு என்று ஊர்க்குறிப்பு ஒன்று வளர்ந்துகொண்டே போனது. காசு மாற்று விகிதத்தைப் பற்றி நாங்கள் வாதிட்ட மாலைகளை இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்த விகிதத்தைப் பயன்படுத்தி ஒரு கதையும் எழுதப்படவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கொல்லாதே, திருத்தாதே

இப்படிப்பட்ட தொடர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வழிமுறை ஏற்கெனவே உண்டு. 1978-இல் பாஸ்டனில் நடந்த போஸ்கோன் என்ற எழுத்தாளர் வாசகர் மாநாட்டில், ராபர்ட் ஆஸ்பிரின், லின் ஆபி, கார்டன் டிக்சன் ஆகியோர் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சலிப்பு வெளிப்பட்டது. ஒவ்வொரு முறையும் புதிய கதை தொடங்க, மலையிலிருந்து மதம் வரை ஓர் உலகத்தையே முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறதே என்பது அந்தச் சலிப்பு. எல்லாரும் ஒரே ஊரில் எழுதினால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1979-இல் ‘தீவ்ஸ் வேர்ல்ட்’ முதல் தொகுதி வந்தது. 1989 வரை 12 தொகுதிகள் வந்தன. சாங்க்சுவரி என்ற அந்த அழுக்குப் பட்டினத்தில் பால் ஆண்டர்சன், ஜான் பிரன்னர், ஜோ ஹால்ட்மன் போன்றவர்கள் தத்தம் ஆட்களைக் குடியேற்றினார்கள். அடுத்தவர் பாத்திரத்தை எவரும் எடுத்தாளலாம். ஆனால் கொல்லவும் கூடாது, அடியோடு குணம் மாற்றித் திருத்தவும் கூடாது. அங்கே நிலவிய விதி இதுதான். நாங்களும் இதை அப்படியே எடுத்துக்கொண்டோம். பத்து வரியில் எழுதவேண்டியதை இரண்டே சொல்லில் சொன்ன விதி என்று அன்றைக்கு மெச்சிக்கொண்டோம்.

பாத்திரத்தின் உரிமை யாருடையது என்பதில் ஒவ்வோர் உலகமும் ஒவ்வொரு விதமாக நடந்திருக்கிறது. டிராகன்லான்ஸ், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் போன்ற உலகங்கள் டி.எஸ்.ஆர். என்ற விளையாட்டு நிறுவனத்தின் சொத்தாக இருந்தவை. அங்கே எழுத்தாளர் வருவார், போவார். பாத்திரம் நிறுவனத்தோடு தங்கிவிடும். ஜார்ஜ் மார்ட்டின் தொகுத்து 1987-இல் தொடங்கிய ‘வைல்ட் கார்ட்ஸ்’ தொடரில் ஒருவரது பாத்திரத்தை மற்றவர் பயன்படுத்தினால் படைத்தவருக்கும் வருவாயில் பங்கு உண்டு. சாங்க்சுவரியிலோ கதவு திறந்தே இருந்தது. முதல் தொகுதியில் மரியன் ஸிம்மர் பிராட்லி எழுதிய லிதாண்ட் என்ற மந்திரவாதியை அவர் பிறகு வெளியே அழைத்துப் போய்த் தனிக் கதைகளில் அலையவிட்டார். 1986-இல் அவை தனி நூலாக வந்தன. ஜேனட் மோரிஸும் தம்முடைய பாத்திரத்தை வைத்துத் தனி நாவல் எழுதினார். இவையெல்லாம் வியாபார ஏற்பாடுகள் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். ஆண்டுக்கு ஒரு சிறு தொகுதியைக் கைக்காசு போட்டு அச்சிடும் எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இன்னும் வேடிக்கையான முன்னுதாரணம் ஒன்றும் உண்டு. 1935-இல் ராபர்ட் பிளாக் என்ற இளைஞர், தாம் குருவாகக் கருதிய திகில்கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டைப் போன்ற ஒரு பாத்திரத்தைத் தம் கதையில் கொன்றார். அதற்கு முன் லவ்கிராஃப்டிடம் அனுமதி கேட்டார். அவரும் கேலியான சட்டமொழியில் எழுத்துமூலம் அனுமதி தந்தார். அடுத்து எழுதிய கதையில் லவ்கிராஃப்ட், ராபர்ட் பிளேக் என்று பெயர் சூட்டிய ஓர் இளம் எழுத்தாளரைக் கொன்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார். இருவருக்கும் மனத்தாங்கல் ஏதும் வந்ததாகத் தெரியவில்லை. கேட்டுக் கொன்றதால் இருக்கலாம்.

செல்லாயி

எங்கள் குழுவில் மூத்தவர், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எல்லாருக்கும் அவர் அக்காதான். அவர் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அக்கா படைத்த பாத்திரம் செல்லாயி என்ற தோணிக்காரி. கல்வாயில் நீரில் மூழ்கி இறந்தவர்களின் கடைசிச் சொல் மட்டும் ஆற்றுக்கடியில் தங்கிவிடும். செல்லாயி துடுப்பின் தலைப்பில் காது வைத்து அதைக் கேட்பாள். கேட்டதை அக்கரையில் இருக்கும் வீட்டாரிடம் கொண்டுபோய்ச் சொல்வாள். காசு வாங்க மாட்டாள். ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். முதல் தொகுதியில் அவள் வருவது மொத்தமே நான்கு பக்கம். ஆனால் படித்தவர்கள் எங்களிடம் கேட்டதெல்லாம் அவளைப் பற்றித்தான்.

இரண்டாம் தொகுதிக்கு, தஞ்சாவூரிலிருந்து வந்து கப்பல் பட்டறை ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக வேலை செய்யும் தம்பி ஒருவர் செல்லாயியைக் கேட்டு வாங்கினார். அக்கா மகிழ்ச்சியாகவே கொடுத்தார். அவர் எழுதிக்கொண்டு வந்த கதையில், முத்துக்குளிக்கப் போய்த் திரும்பாத ஒருவனின் கடைசிச் சொல்லைச் செல்லாயி கேட்கிறாள். அது அவன் தாயைச் சபிக்கும் சொல். கரையில் தாய் காத்திருக்கிறாள். செல்லாயி தோணியைக் கட்டிவிட்டு, “‘அம்மா’ன்னுதான் சொன்னான்” என்கிறாள். கதை அங்கே முடிகிறது. தொகுதியில் மிக நல்ல கதை அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

அக்கா தாள்களை அடுக்கி ஓரம் தட்டி வைத்தார். சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “இவ என் செல்லாயி இல்ல தம்பி” என்றார். தம்பி பதறிவிட்டார். விதிப்படிதான் எழுதினேன், கொல்லவில்லை, திருத்தவும் இல்லை, ஒரே ஒரு இடத்தில் இரக்கப்பட வைத்தேன், அவ்வளவுதானே என்றார். பிறகு குரல் தணிந்து தம் வேலையைப் பற்றிச் சொன்னார். பட்டறையில் விபத்து நேர்ந்தால், தமிழ் பேசும் தொழிலாளியின் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லும் பொறுப்பு பலமுறை அவர் தலையில் விழுந்திருக்கிறது. “அந்த நேரத்துல உள்ளதை உள்ளபடி சொல்ல முடியாதுக்கா. யாராலயும் முடியாது.”

“தெரியும் தம்பி. முடியாதவங்கதான் நாம எல்லாருமே. முடிஞ்சவ ஒருத்தியாவது இருக்கட்டுமேன்னுதான் அவளை எழுதினேன்.”

அதற்குப் பதில் சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. இருவரும் சரி. விதியின் எழுத்து ஒன்றுகூட மீறப்படவில்லை; ஆனால் மீறப்பட்ட ஏதோ ஒன்று மேசைமேல் கிடந்தது. அன்றிலிருந்து நான் எண்ணிப் பார்த்து வந்து சேர்ந்த இடம் இது: ஒரு பாத்திரத்தின் உயிர் அது செய்கிற காரியங்களில் இருப்பதைவிட, எந்த நிலையிலும் செய்யாத காரியத்தில்தான் அதிகம் இருக்கிறது. செல்லாயி தோணி விடுவதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அவளுக்குக் காதலன் ஒருவனைக் கொடுக்கலாம், கடன் கொடுக்கலாம், காய்ச்சல் கொடுக்கலாம். கூட்டியோ குறைத்தோ சொல்லமாட்டாள் என்ற ஒன்றைத் தொட்டால் மிஞ்சுவது செல்லாயி என்ற பெயர் மட்டும். கொல்லாதே, திருத்தாதே என்ற விதி பாத்திரத்தின் உடம்பையும் ஊரறிந்த குணத்தையும் காக்கிறது. இந்தச் ‘செய்யமாட்டாள்’ என்பதற்குக் காவல் எதுவும் இல்லை. அது பெரும்பாலும் எழுதப்பட்டே இருப்பதில்லை. எங்கள் ஊர்க்குறிப்பில் செல்லாயியின் உயரம் இருந்தது, தோணியின் நீளம் இருந்தது.

அக்கா கதையை நீக்கச் சொல்லவில்லை. “நல்லா எழுதியிருக்கீங்க, போடுங்க. ஆனா அவளை நான் கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றார்.

சாத்தனார் கேட்டிருப்பாரா?

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் எனக்கு நினைவுக்கு வந்தது கண்ணகி. காப்பியங்களின் முகப்பிலுள்ள பதிகங்களை நம்பினால், இளங்கோவும் சாத்தனாரும் ஒருவர் காப்பியத்தை மற்றவர் கேட்டவர்கள். ஒருவர் படைத்த குடும்பத்தின் அடுத்த தலைமுறையை மற்றவர் பாடினார். பறக்கும் மந்திரம், உருமாறும் மந்திரம், வற்றாத அமுதசுரபி, தீராப் பசி நோய் எல்லாம் உள்ள மணிமேகலையை ஒரு மிகுபுனைவுத் தொடரின் இரண்டாம் தொகுதி என்றே சொல்லிவிடலாம். அதில் வஞ்சி நகரில் கண்ணகியின் படிமம் வாய் திறந்து மணிமேகலையிடம் பேசுகிறது. தான் செய்த எதையும் அவள் மறுக்கவில்லை. ஆனால், நகரை எரித்த வினை தன்னை விடாது என்றும், வானுலக இன்பம் முடிந்ததும் அதன் பயன் வந்து சேரும் என்றும், பின்னர் புத்தரின் அறத்தைக் கேட்டே பிறவி அறும் என்றும் அவளே சொல்கிறாள். இளங்கோ தெய்வமாக்கி நிறுத்தியவளைச் சாத்தனார் கொல்லவில்லை. அவள் செய்த ஒரு செயலையும் மாற்றவில்லை. அந்தச் செயலை அவள் வாயாலேயே குற்றமாக்கினார். எங்கள் விதிப்படி அதிலும் குறை காண முடியாது. வாசகனாக, சாத்தனார் அப்படி எழுதியதில் எனக்கு மகிழ்ச்சிதான். காப்பியங்களுக்குள் இவ்வளவு துணிச்சலான எதிர்வாதம் குறைவு. இளங்கோவின் இடத்தில் அக்காவை வைத்துப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி குறைந்துவிடுகிறது.

முறையான வழியும் நம்மிடமே இருந்திருக்கிறது. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் மருதத்தையும், அம்மூவனார் நெய்தலையும், கபிலர் குறிஞ்சியையும், ஓதலாந்தையார் பாலையையும், பேயனார் முல்லையையும் ஆளுக்கு நூறு பாடல்களாகப் பாடினார்கள். நிலமும் பொழுதும் பூவும் பறவையும் பொது. தலைவி, தோழி, செவிலி என்று மாந்தரும் பொது. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் வரையறுத்துவிட்டதால் அவர்களை எவரும் உரிமை கொண்டாட முடியாது. கபிலரின் தோழி பொய் சொன்னால் பேயனாரின் தோழிக்கு ஒன்றும் ஆகாது. பெயர் இல்லாதவர்களை வைத்து எழுதும்போது உலகம் மட்டும் பொதுவாக இருந்தால் போதும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அடுக்குமாடி வீட்டின் நடைவழியில் பூச்சட்டி வைத்திருப்பவர்கள் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள்: வழி எல்லாருக்கும் பொது, சட்டிக்கு ஆள் உண்டு.

இதை நான் தம்பியிடம் சொல்லவில்லை. அவராகவே அடுத்த வாரம் கதையைத் திருத்தி அனுப்பினார். முன்னதாக அக்கா ஒரு யோசனை சொல்லியிருந்தார்: சம்பவத்தைக் கள்ளுக்கடையில் ஒருவன் சொல்வதாக வைத்தால், அது ஊர்ப்பேச்சு என்று ஆகிவிடும், செல்லாயியும் இருக்கலாம். “என் கதை குடிகாரன் உளறலா அக்கா?” என்று கேட்டு அவர் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததும் நியாயமே. அந்தத் தாயின் முகத்தைச் சந்தேகத்துக்குரிய செய்தியாக்கிவிட்டால் கதையில் எதுவும் எஞ்சாது. அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டார். துடுப்பு இருந்தது, தோணி இருந்தது, தாய் இருந்தாள். தோணிக்காரி மட்டும் பெயரில்லாத ஒருத்தியாக வந்து, சொல்லவேண்டிய பொய்யைச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் யார் என்பதை வாசகர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அக்காவும் அதைப் படித்துவிட்டு ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் சுட்டினார்.

ஆள் போன பின்

செல்லாயி போனதும் தொடர் தளர்ந்துவிடும் என்று பயந்தோம். நடந்தது வேறு. மூன்றாம் தொகுதிக்கு வந்த கதைகளில் பெரும்பாலானவை எப்படியோ அந்தத் துறையிலேயே வந்து நின்றன. ஒரு கதையில், சொல் கொண்டுவர ஆளில்லாததால் மக்கள் இக்கரையில் நின்று ஆற்றைப் பார்த்துக் கத்துகிறார்கள். இன்னொன்றில் ஒரு வியாபாரி தோணி வாங்கி, கடைசிச் சொல்லுக்கு விலை வைக்கிறான்: உண்மைச் சொல்லுக்கு ஒரு காசு, கேட்க இனிமையான சொல்லுக்கு மூன்று காசு. (எங்கள் காசு மதிப்புப் பட்டியல் பயன்பட்ட முதல் கதை இதுவாக இருந்திருக்க வேண்டும், எழுதியவர் அதைப் பார்க்கவே இல்லை.) நான் சுங்கச்சாவடிக் கணக்கனைப் பற்றி எழுதினேன். ஆளில்லாத் தோணிக்கு வரி போடலாமா என்று மேலிடத்துக்கு அவன் எழுதும் கடிதங்கள்தான் கதை. அவளை எடுத்துக்கொண்டு போக அக்காவுக்கு உரிமை இருந்தது. அவள் இருந்த இடத்தை எடுத்துக்கொண்டு போக அவராலும் முடியவில்லை.

இதைக் கண்டு, பாத்திரத்தைத் திரும்பப் பெறும் உரிமையை நாங்கள் விதியாகவே எழுதிவிட்டோம். படைத்தவர் எப்போது வேண்டுமானாலும் தம் ஆளை அழைத்துக்கொள்ளலாம்; ஊர் அந்த ஆளை மறக்க வேண்டியதில்லை; அதன் பிறகு அந்த ஆளைப் பெயர் சொல்லிப் பேசலாம், பேசவைக்கக் கூடாது. கூடவே ஊர்க்குறிப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரே ‘எந்நிலையிலும் செய்யாதது’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதை நிரப்பச் சொன்னபோதுதான் பலருக்குத் தம் பாத்திரங்களைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது. ஒருவர் தம் கடற்கொள்ளையனுக்கு எதிரே “கத்தரிக்காய் சாப்பிடமாட்டான்” என்று எழுதினார். அதையும் அனுமதித்திருக்கிறோம். பாதிக் கட்டங்கள் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன, அதில் எனக்கு வருத்தமில்லை. நிரப்பிய கட்டங்களைவிடக் காலிக் கட்டங்களைப் பார்த்துத்தான் பிறர் கை வைக்கத் துணிகிறார்கள். எல்லாம் நிரம்பிவிட்டால் அது பலர் எழுதும் உலகமாக இருக்காது, பல தனி உலகங்களுக்கு ஒரே அட்டை போட்டதாகிவிடும்.

இப்போது நான்காம் தொகுதி. புதிதாக வந்து சேர்ந்த பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர், செல்லாயியின் மகள் துறைக்கு வருவதாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். மாதவியின் மகளைச் சாத்தனார் பாடிய கதையை அவர் அறிந்துதான் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. செல்லாயிக்கு மகள் உண்டு என்று எந்தக் கதையிலும் இல்லை. இல்லை என்றும் இல்லை. விதியில் இதற்கு இடமில்லாததால் அக்காவுக்கே அனுப்பி வைத்தோம். ஆகும் என்றோ ஆகாது என்றோ அவர் சொல்லவில்லை. குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி மட்டும் வந்தது: “அந்தப் பொண்ணு எந்தக் கரையில வளர்ந்தா?” மாணவி அதை யோசித்திருக்கவில்லை. வரைபடத்தில் அக்கரைக்கு நாங்கள் இதுவரை ஒரு தெருகூட வரையவில்லை. வரும் சனிக்கிழமை அதைத்தான் வரையப் போகிறோம்.